கண் நின்ற இடம்

பவித்ரன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் சட்டையை இஸ்திரி போட்டான். காப்பி கலக்கி இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை மேசைமேல் மூடி வைத்தான். அது மாமியார் காளியம்மாவுக்கு. அவர் குளித்து வந்து சாமி படத்துக்கு விளக்கேற்றி முடிக்கும்வரை அது ஆறிக்கொண்டிருக்கும். ஆறினால்தான் அவருக்குப் பிடிக்கும்.

ஏழு மணிக்குக் கூட்டும் ரோபோ தானாகக் கிளம்பியது. தோசைக்கல் அளவில் வட்டமாக, கறுப்பாக இருக்கும். அவன் நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தான். அது கூடத்தை முடித்துவிட்டுப் பக்கத்து அறைக்குள் போயிற்று. அந்த அறையில் இப்போது கட்டில் இல்லை. இரவல் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டில் திரும்பிப் போய் எட்டு மாதம் ஆகிறது. மூலையில் சக்கரம் வைத்த கம்பித் தாங்கி மட்டும் நின்றது. அதன்மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. ரோபோ தாங்கியின் காலில் முட்டியது, சற்றே நின்றது, சுற்றிக்கொண்டு போனது. அவனும் அந்த அறையில் அப்படித்தான்.

அன்று சனிக்கிழமை. வேலை இல்லை. சட்டையை இஸ்திரி போட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆனால் பக்கத்து ஊரான கோப்பெங்குக்குப் போக வேண்டியிருந்தது. சட்டை வீணாகவில்லை.

துண்டைப் போர்த்தியவர் காளியம்மா. துண்டுக்கு அடியில் இருந்தது அவர் மகள் தினேஸ்வரி கடைசி ஒரு வருடம் பேசிய கருவி.

தினேஸ்வரிக்கு வந்தது நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய். முதலில் சட்டை பட்டன் போட வரவில்லை. பிறகு நடை போயிற்று. பிறகு நாக்கு. கண் மட்டும் மிஞ்சி நின்றது. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பவித்ரனுக்கு முப்பது. ஈப்போவில் இத்தகைய நோயாளிகளுக்கு உதவும் ஒரு மையத்திலிருந்து கோலின் என்ற பேச்சுப் பயிற்சியாளர் இந்தக் கருவியைக் கொண்டுவந்து பொருத்தினார். பார்க்க ஒரு சாதாரண டேப்லெட். கீழ்ப்பாதியில் தமிழ் எழுத்துகள். கண்ணால் ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பதிவாகும். மேல்பாதியில் நான்கு கட்டங்கள். அறையில் மற்றவர்கள் பேசுவதைக் கருவி கேட்டுக்கொண்டிருக்கும். அவள் என்ன சொல்ல நினைப்பாள் என்று ஊகித்து, கட்டத்துக்கு ஒரு வாக்கியமாகப் போட்டு வைக்கும். வேண்டிய கட்டத்தில் கண் நின்றால் போதும், உடனே பேசிவிடும்.

குரல் அவளுடையதே. நோய்க்கு முன்னால் அவள் பவித்ரனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளைக் கொடுத்து அதைச் செய்தார்கள். அதில் ஒரு சிக்கல். அந்தச் செய்திகள் பெரும்பாலும் திட்டு. பால் வாங்காமல் வந்ததற்கு, காய்கறி வாங்கப் பாசாருக்குக் கூப்பிட்டால் வராததற்கு, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடுதாசி இருந்ததற்கு. அதனால் கருவி நன்றி சொன்னால்கூடத் திட்டுகிற மாதிரியே இருக்கும்.

வந்த புதிதில் அதன் தமிழ் ஒரு தினுசாக இருந்தது. “தயவுசெய்து எனக்குச் சிறிது தண்ணீர் தர இயலுமா?” என்றது. காளியம்மா பயந்துபோய் வாய்மேல் கை வைத்துக்கொண்டார். பிறகு அதற்கு ‘செய்தி வாசிக்கிற பொண்ணு’ என்று பெயர் வைத்தார். தினேஸ்வரி விடவில்லை. கட்டங்களை ஒதுக்கிவிட்டு எழுத்தெழுத்தாகத் தன் பேச்சை, வரிக்கு வரி ‘லா’ போடும் மலேசியப் பேச்சை, ஊட்டினாள். கருவி கற்றுக்கொண்டது. இரண்டு மாதத்தில் அது, “யோவ், தண்ணி” என்று கேட்டது. அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். அவளால் முகத்தில் சிரிக்க முடியாது. கண்ணில் தெரிந்தது. அதோடு நிற்காமல் கட்டத்தில் இருந்த ‘ஹா ஹா’வையும் பார்த்துப் பேச வைத்தாள். அது திட்டுகிற குரலில் ஹா ஹா என்றது. மறுபடியும் சிரித்தார்கள்.

பவித்ரன் ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் சரக்கு சுமக்கும் ரோபோக்களைப் பழுது பார்ப்பவன். இயந்திரத்துக்கு நன்றி சொல்லும் பழக்கம் அவனிடம் இல்லை. ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் ஒன்று தெரியும். டாக்டர்கள் அவளுக்குப் பேச்சு முடிந்தது என்று சொன்ன பிறகு ஒரு வருடம் அவனும் அவளும் சண்டை போட்டார்கள். அவன் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்த லட்சணத்தைப் பற்றிச் சண்டை. மீன்காரரிடம் ஃபோனில் பேரம் பேசினாள். கூட்டும் ரோபோவைக் கட்டிலுக்கு அடியில் வரச்சொல்லி அதட்டினாள். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. பேசாமல் கிடந்து போயிருக்க வேண்டியவள், பேசிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாளில் வந்த ஒரு சொல்தான் சிக்கல்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த காளியம்மாவின் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளம்புகிறவர் யாரும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது. ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். முக்குக் கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் அதேதான். ‘போறேன்’ என்பது திரும்பி வராதவர் சொல்லும் சொல். கியாஸ் கொண்டுவரும் சீனக் கிழவர்கூட வாங்கிக் கட்டிக்கொண்டு, ‘போயிட்டு வாரேன் அம்மா’ என்று பழகியிருந்தார்.

அன்று தினேஸ்வரிக்குச் சளி நெஞ்சை அடைத்துக் காய்ச்சல் ஏறியது. ஆம்புலன்ஸ் வந்தது. கூடம் முழுக்க ஆள். போலாமா, கிளம்பலாமா, பை எடுத்தாச்சா என்று பேச்சு. தள்ளு கட்டில் உள்ளே வர வழி விட்டுச் சாமான்களை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்கள். காளியம்மா புறப்படத் தயாராகி அறைக் கதவருகே வந்து நின்றார். அப்போது கருவி பேசியது.

“நான் போறேன்.”

காளியம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். “போறேன்னு சொல்லாதடி சனியனே, எத்தன தடவ சொல்லிருக்கேன்” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அவள் பதில் எழுதுவதற்குள் கருவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தினேஸ்வரியைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் குழாய் பொருத்தினார்கள். கருவி வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அவள் கண்ணும் நின்றது.

எட்டு மாதமாகக் காளியம்மாவிடம் ஒரே பேச்சு. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், விடைபெற்ற பிள்ளையை நான் சனியனே என்று சொல்லி அனுப்பினேன். சமைக்கும்போது சொல்வார். துணி மடிக்கும்போது சொல்வார். சில நாள் பழி கருவிமேல் போகும். சொல்லக்கூடாததை அதுதான் சொல்ல வைத்தது என்பார். பவித்ரன் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் தெரியவில்லை. தெரிந்துதான் சொன்னாளா? அப்படியென்றால் அவனுக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அந்த இடத்துக்கு வந்ததும் அவன் மனம் மரத்துப்போகும். மேலே போகாது.

போன வாரம் கோலின் ஃபோன் செய்தார். கோப்பெங்கில் செபாஸ்டியன் என்று ஒருவர், அதே நோய், பேச்சு போய் நாலு மாதம். கருவி வேண்டும். கோலின் தயங்கித் தயங்கிக் கேட்டார். தினேஸ்வரியின் குரலை எடுத்துப் பவித்ரனிடம் கொடுத்துவிட்டு, வேறு ஆண்குரல் போட்டுவிடலாம். ஆனால் அவள் அதற்குக் கற்றுக்கொடுத்த பேச்சு இருக்கிறதே, அதை அழிக்க மனம் வரவில்லை, நம் ஊர்த் தமிழ் பேசுகிற கருவி வேறு எங்கும் இல்லை என்றார். இருக்கட்டும் என்றான் பவித்ரன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னதுதான் சுலபமாக இருந்தது.

துண்டை எடுத்து மடித்தான். தாங்கியைக் கழற்றிக் காரில் வைத்தான். காளியம்மா காப்பி கிளாஸோடு நின்று பார்த்தார்.

“போயிட்டு வாரேன் அத்த.”

“ம். அந்த வீட்டுலயாவது ஒழுங்கா பேசட்டும்.”

செபாஸ்டியன் பல வருடம் ஈப்போ - தைப்பிங் பஸ் ஓட்டியவர். பெரிய உடம்பு. இப்போது அந்த உடம்பு சாய்வு நாற்காலியில் மடித்து வைத்த மாதிரி இருந்தது. அவர் மனைவி கத்தரின் பவித்ரனை உட்கார வைத்து, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னார். ஆமாம் என்றால் அவர் கண்ணை ஒரு தடவை மூடுவார், இல்லை என்றால் இரண்டு தடவை. நாலு மாதமாக அதுதான் பேச்சு. கத்தரின் கேட்காததை அவர் சொல்ல வழியில்லை.

பவித்ரன் திரையை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினான். கண்ணைப் பழக்கினான். எழுத்துகளைக் காட்டினான். செபாஸ்டியன் பஸ் ஓட்டுகிற கவனத்தோடு பார்த்தார். எழுத்து ஒன்றொன்றாக வந்தது. வியர்த்துவிட்டார். கத்தரின் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தார்.

“ஃபேன திருப்பு. நாலு மாசமா மூஞ்சிலேயே அடிக்குது.”

கத்தரின் ஓடிப்போய் ஃபேனைத் திருப்பினார். திரும்பி வரும்போது சிரித்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றாகவே இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன், புழுங்குமே என்று பார்த்தேன் எனக் கணவரிடம் நியாயம் பேசத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த கருவி கட்டங்களை நிரப்பியது. செபாஸ்டியன் ஒன்றைப் பார்த்தார்.

“லூசு” என்றது கருவி, செய்தி வாசிக்கிற ஆண்குரலில்.

கத்தரின் பவித்ரனிடம் திரும்பினார். “பாத்தீங்களா தம்பி? கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஆச்சு. ஒரு நாளு என்னைய லூசுன்னு சொன்னதில்ல இந்த மனுஷன். மிஷின் கெட்ட பழக்கம் கத்துக் குடுக்குது.”

“அது என் வைஃப்போட பேச்சு, ஆண்ட்டி. அழிச்சிரட்டுமா?”

கத்தரின் கணவரைப் பார்த்தார். செபாஸ்டியன் கண்ணை இரண்டு தடவை மூடினார்.

“இருக்கட்டும் தம்பி. நல்லாத்தான் பேசிருக்கு அந்தப் புள்ள.”

பவித்ரன் தலையாட்டினான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொல் ஒன்று இன்னொரு வீட்டில் நடமாடியது. அது அவனுக்கு வலிக்கவில்லை. வலிக்கும் என்று நினைத்திருந்தான்.

மதியமாகிவிட்டது. கத்தரின் சமையலறைக்குள் போய், கதவில் நின்று எட்டிப் பார்த்து, மீன் குழம்பில் சோற்றைக் குழைத்துக் கொண்டுவரவா என்று கணவரைக் கேட்டார். கருவி உடனே பதில் சொன்னது.

“வேணாம். பசிக்கல.”

கத்தரினின் முகம் விழுந்துவிட்டது. விடியற்காலையில் பாசாருக்குப் போய் வாங்கிய மீன் என்றார். பேச்சு வந்ததும் முதல் வேலையாக என் சமையலை வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மிஷினா என்று கேட்டார். செபாஸ்டியன் கண்ணை மூடி மூடித் திறந்தார். நெற்றி சுருங்கியது. பிறகு எழுத்துகளுக்குப் போனார். நேரம் பிடித்தது. கத்தரின் கரண்டியோடு நின்றார்.

“நான் சொல்லல. உன்னத்தான் பாத்தேன்.”

கத்தரினுக்குப் புரியவில்லை. பவித்ரனுக்குப் புரிந்தது. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தன் தலையைச் செபாஸ்டியனின் தலையோடு ஒட்டி வைத்து, அவர் பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தான். சமையலறைக் கதவு திரைக்குப் பின்னால், வலது பக்க மேல் மூலைக்கு மிக அருகில் இருந்தது. அந்த மூலையில் ஒரு கட்டம். கதவில் நிற்கிற ஆளைப் பார்க்கிற கண்ணும் கட்டத்தைப் பார்க்கிற கண்ணும் கருவிக்கு ஒன்றுதான். கண் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும். எதைப் பார்க்கிறது என்று தெரியாது.

கிடங்கில் இதைவிடச் சின்னப் பிழைகளை நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்கிறவன் அவன். வீட்டில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. ஏனென்றால் வீட்டில் திரை எப்போதும் சன்னல் பக்கம் நின்றது. அதற்குப் பின்னால் பார்க்க ஆள் கிடையாது. தள்ளு கட்டிலுக்கு வழி விட்ட அன்று மட்டும்தான் அதைக் கட்டிலின் கால் பக்கம், கதவுக்கு நேராக நகர்த்தினார்கள்.

தாங்கியைத் தாழ்த்தித் திரையைச் சாய்த்தான். கத்தரினைத் திரும்பவும் கதவில் போய் நிற்கச் சொன்னான். செபாஸ்டியன் அவரை நன்றாக, ஆசை தீரப் பார்த்தார். கருவி வாயைத் திறக்கவில்லை.

“இப்ப கேளுங்க ஆண்ட்டி.”

கேட்டார். செபாஸ்டியன் கட்டத்தைப் பார்த்தார். “கொஞ்சமா கொண்டா” என்றது. கத்தரின் பவித்ரனுக்கும் சேர்த்து மூன்று தட்டு எடுத்தார். அவன் சாப்பிட்டான். உப்பும் புளியும் நாக்கில் தெரிந்தன. கிளம்பும்போது செபாஸ்டியன் எழுத்தெழுத்தாக அவனுக்கு நன்றி சொன்னார். நான்தான் அங்கிள் சொல்ல வேண்டும் என்றான். அவர் அதை மரியாதைக்குச் சொன்னது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. காளியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றான். பேசியதா என்றார். பேசியது என்றான்.

“அத்த, கொஞ்சம் உள்ள வாங்க.”

காலி அறையில், கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தான். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அன்று தாங்கி நின்ற இடத்தில் நின்று, திரை இருந்த உயரத்துக்கு அதைப் பிடித்தான்.

“கதவைப் பாருங்க.”

“எங்கிட்டுப் பாக்குறது? நீதான் தட்டப் புடிச்சிக்கிட்டு மறைக்கிறியே.”

“தெரியற மட்டும் பாருங்க. கதவு எங்க இருக்கு?”

“தட்டு மூலைல. அந்த ஓரத்துல கொஞ்சமா தெரியுது.”

“அன்னிக்கு நீங்க அங்கதான் நின்னீங்க. எல்லாரும் போலாமா போலாமான்னு பேசினத கேட்டு, இந்த மூலைலதான் மிஷின் அந்த வார்த்தய போட்டிருக்கும்.” தட்டை இறக்கினான். “அவ போறேன்னு சொல்லல அத்த. உங்களப் பாத்தா. மிஷின் அத பேச்சுன்னு எடுத்துக்கிச்சு.”

காளியம்மா அவனை உற்றுப் பார்த்தார். “எனக்காகச் சொல்றியா?”

“இல்ல. இன்னிக்குக் கோப்பெங்ல என் கண்ணு முன்னால நடந்துச்சு.” மீன் குழம்புக் கதையைச் சொன்னான். ஒன்றும் விடாமல் சொன்னான். எட்டு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை.

“அது பாவம், மிஷினு” என்றார் காளியம்மா. “ஒரு வருஷம் எம்புள்ள வாயா இருந்துச்சு. நான் துண்டப் போட்டு மூடி வச்சேன்.”

அவனுக்கும் அதன்மேல் குறையில்லை. ஒரு வருடப் பேச்சைக் கொடுத்தது. ஒரே ஒரு பார்வையைத் தப்பாக எடுத்துக்கொண்டது. கணக்கில் அது மிச்சம்தான் வைத்திருந்தது.

“என்னைய எதுக்குப் பாத்தா?” என்று காளியம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கேட்ட வாய் மூடுவதற்குள் அவர் கை தோளுக்குப் போயிற்று. முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் முகம் மாறியது. அழப்போகிறார் என்று நினைத்தான். அவர் சிரித்தார். அன்று கதவருகே வந்து நின்றபோது சேலையில் இருந்தேன் தம்பி, அவள் சொல்லித்தான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தேன், கட்டினேனா இல்லையா என்று பார்த்திருக்கிறாள் என்றார். சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

அவனுக்கும் அப்போது நினைவு வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரம். தினேஸ்வரிக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வேண்டாம், பேசாமல் இரு என்று அவன் சொன்னான். அவள் கேட்கவில்லை. கட்டத்தில் இருந்த எதையும் எடுக்கவில்லை. அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதி, தன் குரலில், திட்டுகிற மாதிரியே சொன்னாள்:

“அம்மா, ஆம்புலன்ஸ்ல ஆளுங்க வாராங்க. அந்தக் கிழிஞ்ச நைட்டிய மாத்திட்டு வா லா.”